ஹெட்டுக்கார அண்ணன்

எனக்குத் துரோகம் செய்த மனிதரை நான் இன்றைக்கும் அண்ணன் என்றுதான் சொல்கிறேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. முத்தியால்பேட்டைப் பக்கம் எல்லோருக்கும் அவர் ஹெட்டுக்காரர். டீசல் இன்ஜினின் மேல்பாகத்தில், வால்வுகள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கனத்த இரும்புத் துண்டை மெக்கானிக்குகள் ஹெட்டு என்பார்கள். கிளட்ச், பிரேக் வேலையெல்லாம் வந்தால் வேண்டாவெறுப்பாகச் செய்வார். ஹெட்டு என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார்.

குட்டையான ஆள். நெற்றி ஏறிவிட்ட தலை. பேசும்போது எதிராளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கையில் ஸ்பேனர் இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துவிட்டு, "சொல்லு தங்கச்சி" என்பார். உலகத்தில் அவருக்கு வேறு வேலையே இல்லை, நம்முடைய கதையைக் கேட்கத்தான் அன்று காலையில் எழுந்து வந்திருக்கிறார் என்று தோன்றும். அந்தப் பார்வைக்காகவே பலர் அவரிடம் வண்டியை விட்டார்கள். நானும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. வண்டியை விற்றுவிடலாம் என்றார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் முதலில் சிரித்தார்கள், பிறகு பிள்ளைகளை அனுப்பினார்கள்.

ஓட்ட ஆரம்பித்த புதிதில் ஒருநாள் காலை, முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. உள்ளே பிள்ளைகள். பின்னால் ஹாரன் சத்தம். ஒருவர் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு வந்து குனிந்து பார்த்தார். டீசல் வரும் குழாய் வெடித்திருந்தது. யோசிக்கவேயில்லை. தன் ஸ்கூட்டரின் பெட்ரோல் குழாயைப் பிடுங்கி என் வண்டியில் மாட்டினார். ஸ்கூட்டரில் தொங்கிய பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து, "பாவம், புள்ளைங்க பசியில இருக்கும்" என்று உள்ளே நீட்டினார்.

"வீட்டுக்கு வாங்கிக்கினு போறதாண்ணே?"

"அவங்களுக்கு இன்னாம்மா, உப்புமா கிண்டிக்குவாங்க. நீ கெளம்பு, பெல்லு அடிச்சிடப் போறாங்க."

அண்ணன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் இதை என் வீட்டுக்காரரிடம் கண்கலங்கச் சொன்னேன். அவர் வெட்டின காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"வீட்ல பொண்டாட்டி பசியோட குந்திருக்கறப்ப ரோட்ல போற புள்ளைக்கி இட்டிலியத் தூக்கிக் குடுத்தானா?"

"நல்ல மனசு."

"இன்னா மனசோ. அவன நம்பி ரொம்பப் போவாத."

எனக்குக் கோபம் வந்தது. நொண்டியாகக் கிடப்பவருக்கு ஊரில் நடமாடுகிற எல்லோர் மேலும் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனுடைய பட்டறை, பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் வீட்டுப் பின்பக்கம். சொல்தா இறந்துபோய் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் சாவியைக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் இருந்த மர நாற்காலிகள் ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயிருந்தன. "அந்த ஆயாவுக்கு முட்டி வலி, கீழ குந்த முடியல, அதான் குடுத்தேன்" என்பார். சொல்தாவின் மகன் கேட்டால்? "அவரு அங்க இருக்காரு" என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவருடைய மனைவியை ஒருமுறை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். கோடை. முதுகெல்லாம் வேர்க்குரு. "எங்க வீட்டு ஃபேனைக் கழட்டிக்கினு போயிட்டாரு" என்று சொன்னார். வண்டி விட வந்த ஒரு ஆள் தன் வீட்டில் கைக்குழந்தை புழுக்கத்தில் தூங்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்கே அண்ணன் வீட்டு ஃபேன் அவன் வீட்டில் சுற்றுகிறது. "எங்க சின்னவளுக்கும் அப்ப ஒரு வயசுதான்" என்றார் அந்த அம்மா. வாய்விட்டுச் சிரித்தது நான் மட்டும்தான் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இன்னொன்றும் உண்டு. என் வீட்டுக்காரருக்குக் காலில் புண் திரும்பவும் சீழ்வைத்து, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலையில் வண்டி ஓட்டவேண்டும், இவர் பக்கத்தில் ஆள் வேண்டும். பட்டறையில் நின்று புலம்பினேன். அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீ எதுக்குக் கவலப்படற? நாளைக்கிப் பாய் தலகாணியோட வந்துர்றேன். மச்சான நான் பாத்துக்கிறேன். நீ வண்டிய ஓட்டு." வார்டில் இவரிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் முழுக்க இவர் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். அண்ணன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் பட்டறைக்குப் போனபோது, "அய்யய்யோ, தங்கச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். மறந்தே போயிருந்தார். அந்த அழுகையைப் பார்த்த பிறகு கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் மறக்கவில்லை.

இனி ஹெட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வேன் பழசு. காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் உயிர் போய்விடும். கோரிமேடு ஏற்றத்தில் பிள்ளைகளோடு ஏறினால் முக்கும். புகை கரியாகக் கக்கும். அந்த மாதிரி வண்டியில் இன்ஜின் முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். புகையும் சூடும் உள்ளேயே வரும். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காரும் ஹர்ஷினி என்ற குழந்தைக்கு வீசிங். ஒருநாள் அவளுடைய அம்மா வண்டியை நிறுத்தி, "யக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தப் பொகை நின்னாத்தான் இனிமே பாப்பாவ அனுப்புவேன்" என்றாள். அடுத்து எஃப்.சி. சோதனையும் வரவிருந்தது. புகை அளக்கும் குழாயை வைத்தால் எங்கள் வண்டி நிச்சயம் தேறாது.

பள்ளிக்கூட லீவில் அண்ணன் ஹெட்டை இறக்கினார். வால்வுகள் தேய்ந்து உள்ளே புதைந்திருந்தன. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, அதன்மேல் சாக்பீஸ் தூளைத் தூவினார். "கொஞ்ச நேரம் பாரு" என்றார். வெள்ளைத் தூளின் மேல், இரண்டு வால்வுகளுக்கு நடுவில், தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு மெதுவாக ஊறி வந்தது.

"வெடிப்பு. தண்ணியும் நெருப்பும் ஒண்ணாச் சேர்ற எடம் இது. இத வெச்சிக்கினு புள்ளைங்கள ஏத்தறது பாவம்."

"பத்தவெச்சி ஓட்ட முடியாதாண்ணே?"

"என் தங்கச்சி வண்டியில பத்தவெச்ச ஹெட்டா? நான் உயிரோட இருக்கறப்பவா?"

பழைய இரும்புக் கடைகளில் தேடி, அதே இன்ஜினுக்குரிய, வெடிப்பில்லாத இன்னொரு ஹெட்டைக் கொண்டுவந்தார். வந்ததை அப்படியே மாட்டிவிடவில்லை. "தேஞ்ச இன்ஜினுக்கு மூச்சு வாங்குது. மூச்சுப்பாதைய அகலமாக்குனா புதுசு மாதிரி இழுக்கும்" என்றார். லேத்துக் கடையில் கொடுத்து, காற்று உள்ளே போகிற வால்வுகளைப் பெரிதாகப் போடவைத்தார். வால்வு உட்காரும் வளையங்களையெல்லாம் புதிதாக இறக்கவைத்தார். அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவிக்கொண்டு வந்தார். பிறகு காற்றுப்பாதையின் உட்புறத்தைக் குச்சியில் உப்புத்தாள் சுற்றித் தானே தேய்த்தார். மத்தியானத்தில் வீட்டு வேலையை முடித்துவிட்டு நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன்.

"விரல உட்டுப் பாரு. எங்கியாவது இடிக்குதா?"

இடிக்கவில்லை. குழந்தையின் கன்னம் போல இருந்தது உள்ளே.

"காத்து போறதே தெரியாம போவணும். அப்பதான் டீசல் முழுசா எரியும். பொகை வராது. உன் ஹர்ஷினிப் பாப்பா கண்ணாடிய மூடிக்கினு வரலாம்."

அவளுடைய பெயரைக்கூட ஞாபகம் வைத்திருந்தார்.

வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து முடித்த அன்று, பாதைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். ஒரு சொட்டுக்கூடக் கீழே கசியவில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுத்து பொறிக்கும் உளியையும் சுத்தியலையும் என் கையில் கொடுத்தார். பட்டறையில் ஹெட்டுகள் மாறிவிடாமல் இருக்க, முடிந்த ஹெட்டில் சொந்தக்காரரின் எழுத்தை அடிப்பது அவர் வழக்கம். "நீயே அடி" என்றார். நான் மல்லிகா. ஓரத்தில் 'எம்' என்று அடித்தேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "இருக்கட்டும், இனிமே இது யாராலயும் மாத்த முடியாத ஹெட்டு" என்று அவரே சொன்னார்.

மறுநாள் என் வீட்டுக்காரருக்குப் புண் கட்டும் நாள். கதிர்காமத்தில் இருந்தபோது போன் வந்தது. "சாப்டியா தங்கச்சி? மச்சான் எப்பிடி இருக்காரு? வண்டி ரெடி, வந்து எடுத்துக்க."

போனபோது எல்லாம் மாட்டி முடித்து, மேல்மூடியும் போட்டிருந்தார். ஹெட்டுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார். முதல் சில வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. எஃப்.சி.யிலும் தப்பித்தோம். ஹர்ஷினியின் அம்மா எனக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். என் வீட்டுக்காரர் மட்டும் வாசலில் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"மல்லி, இது புது ஹெட்டு சத்தமா எனக்குத் தோணல."

"உங்களுக்கு அவரக் கண்டாலே ஆவாது."

"ஆவாதுதான். சத்தம் சத்தம்தான?"

பிறகு ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. மூடியைத் திறந்தால் உள்ளே காற்றுக் கொப்புளம். புகை திரும்பவும் வந்தது. அண்ணனிடம் போவேன். தண்ணீர் ஊற்றுவார், டீ வாங்கித் தருவார். "புது ஹெட்டும்மா. செட்டாவற வரைக்கும் அப்பிடித்தான் இருக்கும்." என் முகத்தை அதே பரிவோடு பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஒருதரம் இல்லை. போன ஒவ்வொரு தரமும்.

அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுக் கோரிமேடு ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தோம். இன்ஜின் மூடி தொடமுடியாமல் கொதித்தது. ஹர்ஷினியைப் பின்சீட்டுக்குப் போகச் சொன்னேன். அவள் போய் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். பெரிய சத்தம். மூடிக்கு அடியில் இருந்த குழாய் பிய்த்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீர் முன்சீட்டு முழுக்க அடித்தது. அவள் உட்கார்ந்திருந்த சீட்டில். என் இடது காலில். எப்படியோ ஓரம் கட்டினேன். பின்கதவைத் திறந்து பிள்ளைகளை இறக்கியது அங்கே சாலையோரத்தில் இருந்த பெட்டிக்கடைக்காரர். எல்லாம் அலறிக்கொண்டு நின்றன. ஆவியில் மூச்சுவிட முடியாமல் ஹர்ஷினி நீலம் பாய்ந்து கிடந்தாள். யாரோ ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

ஒரு பிள்ளையும் அதற்குப் பிறகு என் வண்டியில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்திலும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வண்டியை என் வீட்டுக்காரர் பிடிவாதமாக வேறொரு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்த மெக்கானிக் ஹெட்டை இறக்கித் திருப்பிப் போட்டார். நான் கட்டுப்போட்ட காலோடு பக்கத்தில் நின்றிருந்தேன். சூட்டில் வெள்ளிப் பெயின்ட் உரிந்திருந்தது. இரண்டு வால்வுகளுக்கு நடுவில் பற்றவைத்த தழும்பு, அது மறுபடியும் பிளந்திருந்தது. ஒரு மூலையில் போல்ட் ஏறும் காது உடைந்திருந்தது. அந்த உடைந்த காதை எனக்குத் தெரியும். சாக்பீஸ் தூள் தூவியபோது அதைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்து பார்த்தேன். எங்கள் பழைய ஹெட்டேதான். ஓரமெல்லாம் துடைத்துத் துடைத்துத் தேடினேன். 'எம்' இல்லை.

"இன்ஜினும் போயிடுச்சிக்கா" என்றார் அந்த மெக்கானிக். "கீழ பிஸ்டன்லாம் பிடிச்சிக்கிச்சி. இனிமே இதுல எந்த ஹெட்டப் போட்டும் பிரயோஜனம் இல்ல."

மறுநாள் மத்தியானம் அண்ணனுடைய பட்டறைக்குப் போனேன். என் கட்டைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார். காலைத் தொட்டுப் பார்த்து அழுதார். சோடா வாங்கிவர ஆளை விரட்டினார். எல்லாம் முடியும் வரை காத்திருந்தேன்.

"அண்ணே, என் ஹெட்டு எங்க?"

மறைக்கவே இல்லை. நான் எப்போது கேட்பேன் என்று காத்திருந்தவர் போலச் சொன்னார்.

"கனகசெட்டிக்குளத்துல ஒரு தம்பி தங்கச்சி. மீனு ஏத்தற வண்டி. உன்னுது மாதிரியே இன்ஜின். நீ எழுத்து அடிச்சிட்டுப் போன அன்னிக்கி சாயங்காலம் வந்து நின்னான். ஹெட்டு பொளந்துடுச்சி. விடிஞ்சா மீனு ஏத்தணும், இல்லன்னா யாவாரிங்க வேற வண்டிக்கிப் போயிடுவாங்க. பொண்டாட்டி நெறமாசம். புள்ள மாதிரி அழுவுறான். நான் இன்னா பண்ணட்டும்?"

"என் வண்டியில புள்ளைங்க போவுதேண்ணே."

"தெரியும்மா."

"வெடிப்ப எனக்குக் காட்டுனதே நீங்கதான?"

"நல்லாத்தான் பத்தவெச்சேன். வேற ஒண்ணு கெடச்சா மாத்திடலாம்னு இருந்தேன். தேடிக்கினுதான் இருந்தேன்." என் கட்டின் ஓரத்தைச் சரிசெய்தார். "உன்ன நெனச்சிப் பாத்தேன் தங்கச்சி, சத்தியமா. ஆனா நீ அங்க உன் வீட்ல இருந்த. அவன் என் எதிர்ல நிக்கிறான்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சட்டென்று போனை எடுத்தார். "இரு, இப்பவே உன்னுத உன்கிட்ட வாங்கிக் குடுத்துர்றேன்."

"எனக்கு எதுக்குண்ணே? இன்ஜினே போயிடுச்சி."

"போவட்டும். உன் பொருளு உன்கிட்ட இருக்கணும்."

போன் போட்டுவிட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"சாப்டியா தம்பி? பாப்பா எப்பிடி இருக்கு? ராத்திரி தூங்குதா? ஒண்ணுமில்லடா, உன் ஹெட்டுல ஒரு சின்ன வேல பாக்கி இருக்கு. நாளைக்கி வண்டிய உட்டுட்டுப் போ, நான் பாத்துக்கிறேன். அண்ணன் இருக்கறப்ப உனக்கு இன்னா?"

குரலில் ஒரு கீறல் இல்லை. அத்தனை பாசம். எனக்கு வந்த போன்களெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அப்போதெல்லாம் அண்ணன் எதிரில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? நான் எழுந்து வந்துவிட்டேன். சோடா வந்துகொண்டிருந்தது.

விடிந்ததும் பஸ் ஏறிக் கனகசெட்டிக்குளம் போனேன். விசாரித்தால் வீட்டைச் சொல்லிவிட்டார்கள். வாசலில் மீன்பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான் அந்தத் தம்பி. சின்ன வயசு. உள்ளே குழந்தை அழுதது. ஹெட்டுக்கார அண்ணனிடம் வண்டி விட்டவள் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அவனாகவே இன்ஜின் மூடியைத் தூக்கிக் காட்டினான். "பாருங்கக்கா, இன்னா வேல! லோடோட சும்மா பறக்குது. பொகைன்றதே கெடையாது."

துடைத்து வைத்திருந்தான். ஓரத்தில், கொஞ்சம் சாய்ந்தாற்போல, 'எம்'.

"இது இன்னா எழுத்து?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

அவன் வெட்கத்தோடு சிரித்தான். "நானும் கேட்டேங்க்கா. எம்முன்னா மகன்னு சொன்னாரு. 'எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல, நீதான்டா மகன், அதான் உனக்காக அடிச்சேன்'னாரு."

மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் எரிந்தது. ஹெட்டை எடுத்துக் கொடுத்ததைக்கூட ஒருமாதிரி தாங்கிக்கொண்டிருந்தேன். என் கையால் அடித்த எழுத்துக்கு இவன் முகத்தைப் பார்த்து நின்ற இடத்தில் ஒரு அர்த்தம் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறாரே, அதைத் தாங்க முடியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை. "அவரு வண்டிய உடச் சொல்லிருக்காரு இல்ல? உடாதீங்க. இதக் கழட்டிக்கினு வேற எதையாவது மாட்டி அனுப்பிருவாரு. எனக்கு இது வேணாம். உங்க வண்டி நல்லா இருக்கட்டும்."

அவன் சிரிப்பு நின்றது. உள்ளேயிருந்து அவன் மனைவி குழந்தையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"அண்ணன் அப்பிடிச் செய்யற ஆளு இல்லக்கா."

"என் வண்டியில செஞ்சாரு தம்பி."

"உங்களுக்கும் அவருக்கும் இன்னா பிரச்சனையோ எனக்குத் தெரியாது. எங்க வீட்ல வந்து அவரப் பத்தித் தப்பாப் பேசாதீங்க. இவளப் பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிப்போனது இந்த வண்டி. அன்னிக்கி அவரு இல்லன்னா ரெண்டு உயிரும் இருந்திருக்காது."

அதுவும் உண்மைதானே. நான் என் வீட்டுக்காரரிடம் காட்டிய அதே கோபம். போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே கூப்பிட்டான். குரலில் ஒரு வெற்றி.

"யக்கா, வண்டிய உட்டேன். ஒண்ணுமே கழட்டல. ஆயில மாத்திட்டு, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. அப்பறம் ஏண்ணே வரச்சொன்னன்னு கேட்டா, உன்னப் பாக்கணும்போல இருந்துச்சிடான்றாரு. நீங்கதான் அவரத் தப்பா நெனச்சிக்கினீங்க."

போனை வைத்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அந்த ஹெட்டு எனக்கு வேண்டியதில்லை. அதை அவன் வண்டியிலிருந்து கழற்றக்கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். ஆனாலும், என் எதிரில் அழுது, என் எதிரில் போன் போட்டு, உன் பொருள் உன்னிடம் இருக்கணும் என்று சொன்ன மனிதர், நான் அந்தப்பக்கம் நகர்ந்ததும் அதையும் மறந்துவிட்டார். கழற்றியிருந்தாலாவது என்னை நினைத்தார் என்று ஆகியிருக்கும்.

வேனைப் பழைய இரும்புக்குப் போட்டோம். இப்போது பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறேன். அதில் ஹெட்டும் இல்லை, புகையும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து சவாரி. கால் தழும்பு வெயில் காலத்தில் அரிக்கும்.

போன மாதம் ஒருநாள், சிக்னலில் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர்தான். கண்ணாடி போட்டிருந்தார், இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது! "தங்கச்சி! நல்லாருக்கியா? கால் ஆறிடுச்சா? மச்சான் எப்பிடி இருக்காரு?" நான் நேராகப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அவர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு என் பின்னாலேயே கருவடிக்குப்பம் வரைக்கும் வந்துவிட்டார். வழியில் நிறுத்தி ஆப்பிளும் ஹார்லிக்சும் வேறு வாங்கியிருந்தார்.

வீட்டுக்குள் வந்தவரை வெளியே போ என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார் என்று நினைத்தேன். நான் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதிகூட இருந்தது. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இவருடைய இருக்கிற காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட ஆரம்பித்தார். "ஒருநாளும் வந்து பாக்கலியே மச்சான், நான் மனுசனே இல்ல" என்று அழுதார். இவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் இவருடைய வெட்டின காலை ஒரு நூலால் சுற்றி அளந்துகொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரில குடுத்த கட்டக்கால் கனம் மச்சான், அதான் உங்களுக்கு ஒத்துக்கல. நான் அலுமினியத்துல பண்றேன். கணுக்கால்கிட்ட ஸ்பிரிங் வெச்சி. நீங்க திரும்ப வண்டி ஓட்டலாம்."

"பிரேக் மிதிக்க முடியுமா?"

"முடியும் மச்சான். வலது கால்ல ஆக்சிலேட்டரு, பிரேக்கு. அதுக்கு ஏத்த மாதிரி பாதத்த வளைச்சிடறேன். ஒரு வாரத்துல கொண்டாறேன்."

அவர் போனபிறகு, ஆப்பிள் துண்டை மென்றுகொண்டே இவர் சொன்னார், "நாமதான் அவசரப்பட்டுட்டம்போல மல்லி. நல்ல மனுசன்டி."

நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கால் வரவில்லை. தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால், இவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்.